அம்மா படத்தில் விழுந்த வெள்ளை

1

இந்த ஆடியில், அம்மாவின் திதியன்று காலையில், படத்தைத் துடைக்கலாம் என்று ஆணியிலிருந்து கழற்றியபோதுதான் அதைப் பார்த்தேன். அம்மாவின் நெற்றியில் ஒரு வெள்ளை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. கண்ணாடியில் ஏதோ பட்டிருக்கிறது என்று முந்தானையால் தேய்த்தேன். போகவில்லை. அது கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

நான் முதலில் சந்தேகப்பட்டது என் மகளை. கோமதிக்கு ஆறு வயது. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வீட்டில் சாக்பீஸ் படாத இடம் கிடையாது. மூடிய கண்ணாடிக்குள் சாக்பீஸ் எப்படிப் போகும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"கோமு, ஆச்சி படத்தை என்னட்டி செஞ்ச?"

"ஞான் ஒண்ணும் செய்திட்டில்ல அம்மே."

"தமிழ்ல சொல்லு."

"நான் ஒண்ணும் செய்யல." கொஞ்சம் யோசித்து, "தொட்டுட்டும் இல்ல" என்றாள்.

தொடவே இல்லை என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். குற்றம் செய்ததால் தடுமாறுகிறாளா, தமிழ் வராமல் தடுமாறுகிறாளா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அழுகை வந்தால் அவள் ஓடுகிற இடம் இப்போது அதுதான்.

கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்கு நாங்கள் வந்து எட்டாவது மழைக்காலம் இது. என் கணவர் இங்கே ஒரு மிளகு மண்டியில் கணக்கு பார்க்கிறார். நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். கடை, ஓட்டல், கட்டட வேலை என்று எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். இருந்தாலும் அன்று காலையில், ஈரச் சுவருக்கு முன்னால் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, என் பக்கம் ஆள் யாருமே இல்லை என்று தோன்றியது.

2

அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. எனக்கு நான்கு வயதில் அவள் போய்விட்டாள். அவள் முகம் எனக்கு நினைவிருக்கிறது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. இந்தப் படம்தான் எனக்கு நினைவிருக்கிறது. மார்பளவுப் படம். முகம் ஒரு எலுமிச்சம்பழ அளவு. பின்னால் ஏரியும் படிக்கட்டும் எழுதிய திரை. இன்று என் வயது அவள் வயதைத் தாண்டிவிட்டது. கோவில்பட்டியில் இதை எடுத்த ஸ்டுடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள். அங்கே இப்போது உரக்கடை இருக்கிறது. நெகட்டிவ் போன இடம் தெரியாது.

கல்யாணமாகி நான் இங்கே புறப்பட்டபோது அப்பா இந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தந்தார்.

"உங்கம்மா உங்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

அப்போது அழுதேன். ரயில் நகர்ந்து, அழுகை ஓய்ந்த பிறகு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. அப்பா எனக்காகத் தந்தாரா, சித்திக்காகச் சுவரைக் காலி செய்தாரா? சித்தி அப்பாவின் இரண்டாவது மனைவி. என்னை வளர்த்தவள். கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை, அதிகமாகக் கொஞ்சியதும் இல்லை. படத்தைத் தன்னுடைய துண்டில் சுற்றி, என் புடவைகளுக்கு நடுவில் வைத்து, பெட்டியைப் பூட்டியவள் அவள்தான். "வெள்ளிக்கிழமை மறந்துராதட்டி" என்று மட்டும் சொன்னாள். படத்தைக் கட்டுவதில் அவளுக்கு இருந்த வேகத்தை நான் மனதில் வைத்துக்கொண்டேன். எட்டு வருஷமாக வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை என்று சித்தி சொன்னது இதைத்தான். அம்மா சுமங்கலியாகப் போனவள். அதனால் வெள்ளிதோறும் தலைக்குக் குளித்து, ஈரத்துணியால் படத்தைத் துடைத்து, கண்ணாடிமேல் அவள் நெற்றி வருகிற இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு கண்ணி பூ சார்த்த வேண்டும். சித்தி செய்தாள். இங்கே வந்த பிறகு நான் செய்தேன். பிரசவத்துக்குப் பின் தீட்டு நாட்களைத் தவிர ஒரு வாரமும் விட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன்.

3

போட்டோக்களை எப்படி வைக்க வேண்டும் என்று நம் ஊரில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் போடுவோம். ராமபாணப் பூச்சி அரிக்காமல் காய்ந்த வேப்பிலையும் இரண்டு பாச்சை உருண்டையும் போடுவோம். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். என் கல்யாண ஆல்பத்தையும் அதே மாதிரி பெட்டியில் போட்டு வைத்தேன்.

இங்கே வைகாசி கடைசியில் மழை பிடித்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீப்பெட்டியை அடுப்பு மேடையில் வைத்துச் சூடாக்கித்தான் உரச வேண்டும். செருப்பு வாரில் பச்சை படரும். முதல் மழைக்காலம் முடிந்து ஆல்பத்தைத் திறந்தபோது, படங்களுக்கு நடுவில் இருக்கிற எண்ணெய்த்தாள் படங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது மாப்பிள்ளைத் தோழனின் மூக்கு தாளோடு வந்துவிட்டது.

அப்போது யோசனை சொன்னவர் என் கணவர். மண்டியில் மிளகு சாம்பிள் அனுப்பும்போது பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி மூடுவார்கள். காற்றே புகாது.

"பம்பாய் வரைக்கும் போற சரக்கு. ஒண்ணும் ஆகாது. போட்டோவையும் அப்படி மூடிருவோம்" என்றார்.

அடுத்த வருஷ மழை பிடித்ததும் சொந்தக்காரர்கள் படங்களையெல்லாம் இருவருமாக உட்கார்ந்து மூடினோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பைக்குள் படத்தோடு சேர்த்து அந்த ஈரக் காற்றையும் பூட்டுகிறோம் என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஓணத்துக்கு வெயில் வந்ததும் வெட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பையிலும் எல்லாம் சேர்ந்து ஒரே அட்டையாகிக் கிடந்தது. அவருடைய பெரியப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் இடத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியப்பாவும் அத்தை புருஷனும் கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்தார்கள்.

"ஊர்ல பஞ்சாயத்து வச்சும் சேராதவங்க, இங்க வந்து சேந்துட்டாங்க பாரு" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கத்துப் படங்களை முதல் பையிலும் அவர் பக்கத்துப் படங்களைக் கடைசிப் பையிலும் ஏன் போட்டார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போயிருந்தன. ஆனாலும் யோசித்தேன்.

அம்மா படம் மட்டும் சுவரில் இருந்ததால் தப்பித்தது என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

4

திதியன்று நான் அடித்த சற்று நேரத்தில், பக்கத்து வீட்டு ரோசி சேச்சி கோமதியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தினா மோளே கொச்சினெ தல்லியது?" குழந்தையை ஏன் அடித்தாய் என்று அதட்டல். பிறகு படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது பூப்பலா. மழைக்கு எல்லார் வீட்டிலயும் வரும். இதுக்குப் போயி பாவம் இவள..."

பூப்பல் என்றால் பூஞ்சணம். சேச்சி அத்தனை சுலபமாகச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. நான் ரேஷனுக்குப் போனாலும் தண்ணீருக்குப் போனாலும் வீடு அவள் பொறுப்பில்தான் இருக்கும். மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் இதே படத்துக்கு எதிரில் நின்று, "இதாரா, அம்மையோ? எந்து சுந்தரி!" என்று வாய்விட்டுச் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் பி.யு.சி. வரை படித்தவள். திருஷ்டி என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவள் போன பிறகு ஒரு மிளகாயை எடுத்துப் படத்தைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வந்தது. திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். மிளகாயே நமத்துப் போயிருந்ததால் அதையும் நம்ப முடியவில்லை.

எல்லார் வீட்டிலும் வரும் என்றாளே, அவள் வீட்டில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது என்று மறுநாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன். முன்னறைச் சுவர் முழுக்கப் போட்டோ. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்னது சரிதான். அவளுடைய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை இருந்த பக்கம் தோளிலிருந்து கீழே வெறும் புள்ளிகள்.

நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். "என்றெ கெட்டியோன் போட்டோல பாதி போயி. ஆளு முழுசா வீட்டில உண்டல்லோ. அது மதி, போதும்" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து அந்த ஆள் இருமினார்.

ஆனால் ஒரு படம் மட்டும் கடையில் வாங்கிய அன்று போல இருந்தது. இயேசுவின் படம். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. எனக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் சாமிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? சேச்சி கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனதும் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"சேச்சி, இந்த பல்பு எப்பவும் எரியுமா?"

"கரண்டு உள்ளப்போ எல்லாம்" என்றாள் அவள் கொல்லையிலிருந்து.

அன்று சாயங்காலம் என் கணவரிடம், மர அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். படங்களை அதற்குள் வைக்கலாம், ஈரம் அண்டாது என்றேன்.

"போட்டோவுக்குக் குளிருதாக்கும்? பல்பு போட்டா, அடுத்து போர்வை கேப்பியாட்டி?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. நான் இங்க மழைல நனைஞ்சு வந்து நிக்கேன். எனக்கு ஒரு பல்பு போட ஆள் இல்ல."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

5

இந்தப் படத்துக்காக நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஜூன் மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

கோமதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது குமாஸ்தா கேட்டார்: "வீட்டுப்பேரு?" இங்கே ஆள் பேரோடு குடும்பத்து வீட்டுப் பேரும் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

"எங்க ஊர்ல வீட்டுக்குப் பேர் கிடையாது சார். கதவு நம்பர்தான்."

"பேரில்லாத்த வீடோ?" மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னையும் குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தார். எதையோ மறைக்கிறோம் என்று நினைத்த பார்வை. எனக்குக்கூட ஒரு நொடி, எதையாவது மறைக்கிறோமோ என்று பயம் வந்தது. "இப்போ தாமசிக்கிற வீட்டுக்குப் பேருண்டல்லோ" என்று கேட்டு, வாடகை வீட்டுக்காரரின் குடும்பப் பேரை எழுதிவிட்டார். என் மகள் இப்போது புத்தன்வீட்டில் கோமதி. மாற்றச் சொல்லிப் போனேன். ஊரிலிருந்து தாசில்தார் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். இல்லாத பேருக்கு எந்தத் தாசில்தார் சர்டிபிகேட் தருவார்? கோமதிக்கு அந்தப் பேர் பிடித்துவிட்டது. சிலேட்டில் மலையாளத்தில் எழுதி எழுதிப் பார்க்கிறாள். தமிழில் அவளுக்கு இன்னும் தன் பேரே எழுத வராது.

அவள் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி இந்தப் படம். கோமதிக்கு நடு நெற்றியில் முடி கூராகக் கீழிறங்கும். எனக்கு அப்படி இல்லை. என் கணவர் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. கோமதி கைக்குழந்தையாக இருந்தபோதே படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். அச்சாக அதே கூர்.

வெள்ளை விழுந்திருப்பது அந்தக் கூருக்குச் சற்றுக் கீழே. திதி கழிந்து பத்து நாள் போனதும் மறுபடி பார்த்தேன். அது மேலே நகர்ந்திருந்தது.

6

கடைத்தெருவில் ஹம்சாக்கா என்பவரின் ஸ்டுடியோ இருக்கிறது. அக்கா இல்லை, இக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோமதியின் பிறந்தநாள் படங்கள் அவர் எடுத்தவைதான். படத்தை மிளகு மண்டிச் சாக்குத் துண்டில் சுற்றி, சேலைக்குள் அணைத்துக்கொண்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவர் சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பின்பக்க அட்டையை விரலால் தட்டினார். அது அப்பளமாவு போல மெத்தென்று அமுங்கியது.

"இது இப்போ போட்டோ மாத்திரம் இல்ல, தங்கச்சி. படமும் கண்ணாடியும் ஒண்ணாயிப் போச்சு. இழுத்தா பேப்பர் என் கையில வரும், முகம் கண்ணாடியில நிக்கும்."

"இழுக்காதீங்க!"

"இழுத்தோ நானு? ரெண்டு கையும் மேசை மேல இருக்கு, பாத்தோ" என்று கைகளை விரித்துக் காட்டினார். "கண்ணாடியோட வச்சு காப்பி எடுக்கணும். வேற வழி இல்ல."

"இப்பவே எடுப்பீங்களா?"

"கரண்டு எங்க? மழை பெய்யத் தொடங்கினா கரண்டு இறங்கி ஓடிரும். இங்க வச்சிட்டுப் போங்க. கரண்டு வந்தா எடுத்து வைக்கறேன்."

"நான் உட்கார்ந்திருக்கேன்."

"நாளைக்கும் வரல்லேங்கில்?"

"நாளைக்கும் வந்து உட்காருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார். அதைத்தான் அவர் திறந்திருக்கக் கூடாது. உள்ளே முகங்கள். கட்டுக்கட்டாக, சணல் கட்டியும் கட்டாமலும், பாஸ்போர்ட் அளவும் பெரியதுமாக. இவையெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"ஆளு வராத போட்டோ. எடுத்துட்டுப் போறவங்க வரல. சிலர் கல்ஃபுக்குப் போயி. சிலர் மறந்து போயி. தூரக் களையவும் மனசு வரல்ல."

மேலே கிடந்த ஒரு வயதான அம்மாளின் முகம் என்னையே பார்த்தது. ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. இவர் மகள் யாரோ என்னைப் போலத்தான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். என் கையே தானாக நீண்டு அம்மா படத்தை எடுத்துக்கொண்டது.

"பயமோ தங்கச்சி? உங்க உம்மாவ வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

இறங்கி வந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்ட்டி. அந்த மனுஷன் என்ன, படத்தை மாத்தி வேற அம்மாவையா குடுப்பாரு?" என்றார்.

அந்த நினைப்பு அதுவரை எனக்கு வரவில்லை. அவர் சொன்ன பிறகு வந்துவிட்டது.

7

அடுத்த வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, எப்போதும் போல ஈரத்துணியும் குங்குமச் சிமிழுமாக உட்கார்ந்தேன். வெள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்ததால் அன்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் கண்ணில் பட்டது.

சட்டத்தின் மேல்பக்க மரத்தைத் துடைத்தேன். துணியிலிருந்து கசிந்த தண்ணீர் மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நின்றது. ஒரு சொட்டு. அது கீழே விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. உள்ளே இறங்கியது. கண்ணாடியின் உட்பக்கமாக ஒரு மயிரிழை போலக் கோடு இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் நெற்றியில் நின்றது.

ஏன் அங்கே நிற்க வேண்டும்? குங்குமம் வைக்க ஒரு கையால் சட்டத்தைப் பின்னாலிருந்து தாங்கி, மறு கையின் மோதிர விரலால் முன்னால் அழுத்துகிறேன். ஊறிப்போன அட்டை என் கையின் அழுத்தத்தில் முன்னால் எழும்பி, படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்கிறது. எந்த இடத்தில் அழுத்துகிறேனோ அந்த இடத்தில். வாராவாரம், ஒரு வெள்ளியும் தவறாமல்.

கோமதியை அடித்ததும், சேச்சிக்காக மிளகாய் சுற்றியதும், ஹம்சாக்காவிடமிருந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்ததும் வரிசையாக வந்து நின்றன. அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. இப்படித் துடைக்கச் சொல்லித் தந்தது யார்? சித்தி. வேண்டுமென்றே சொல்லித் தந்தாளோ?

அடுத்த நிமிஷமே எனக்கே அசிங்கமாக இருந்தது. சித்தி இதே துணியால், இதே மாதிரி, நான் பார்க்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் துடைத்திருக்கிறாள். நம் ஊர்ச் சுவரில், அந்த வெக்கையில், அவள் துணியை உதறுவதற்குள் கண்ணாடி காய்ந்துவிடும். சாமி படங்களைக்கூட அப்புறம்தான் துடைப்பாள். முதலில் அம்மாவுக்கு. சுவரைக் காலி செய்ய நினைப்பவள் வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே என்று ஏன் சொல்லி அனுப்ப வேண்டும்? தன் துண்டில் சுற்றித் தந்தாளே. அந்தத் துண்டை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை. கோமதி பிறந்த அன்று அவளை அதில்தான் கையில் வாங்கினேன்.

குங்குமச் சிமிழை மூடினேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பொட்டு வைக்கவில்லை.

8

மழை விட்ட ஒரு பகலில் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். கரண்டு இல்லை. இன்னும் தள்ளினால் அந்தக் கூர் நெற்றி போய்விடும், அதற்கப்புறம் கண். படத்தை மேசையில் வைத்தேன்.

"உட்காரல்லயோ?" என்றார் ஹம்சாக்கா.

"இல்ல. வச்சிட்டுப் போறேன்."

"அந்த மேசைக்குள்ள போடாம இருந்தா சரி, அல்லே?" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே சுவர் அலமாரியின் மேல்தட்டில், தன் மகளின் நிக்காஹ் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். வாசலிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அவரும் இரண்டு தடவை கையைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டில் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி நாற்சதுரமாகச் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக. கோமதி அதைப் பார்த்து, "ஆச்சி எவிடெ போயி?" என்று கேட்டாள். "போட்டோ எடுக்கப் போயிருக்கா" என்றேன். அவள் அதை நம்பினாள். நான் தூங்கவில்லை.

மறுநாள் போனபோது ஹம்சாக்கா சொன்னபடி காப்பி எடுத்து வைத்திருந்தார். பழைய சட்டத்தைத் தனியாகச் சுற்றி, இரண்டு பிரதிகள் போட்டு வைத்திருந்தார். நான் ஒன்றை வாங்கி முகத்தை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். காதோரம் மச்சம், இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு, கூர் நெற்றி. அவள்தான். வெள்ளையும் அப்படியே விழுந்திருந்தது. ஒட்டிய இடத்தில் அது நெற்றிக்குக் குறுக்கே கொஞ்சம் நீண்டு, ஒரு கீற்று போல இருந்தது.

"இத அப்படியே விட வேண்டாம் தங்கச்சி. பிரஷ் வச்சு டச் பண்ணித் தாறேன். அங்க ஒரு பெரிய பொட்டு போட்டா மூடிப்போகும். தமிழ்க்காரிக்குப் பெரிய பொட்டு நல்லா இருக்குமல்லோ. உங்க உம்மாக்குப் பொட்டு எத்தனை பெரிசு?"

எனக்குத் தெரியவில்லை.

எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் கண்ணாடிமேல் குங்குமம் இருந்தது. முதலில் சித்தி வைத்தது, பிறகு நான் வைத்தது. அதற்கு அடியில் அம்மா அன்று தானாக வைத்துக்கொண்டு வந்து நின்ற பொட்டு, கடுகளவா, காலணா அளவா, நான் பார்த்ததே இல்லை. வாராவாரம் துடைத்தபோது ஒரு நிமிஷம் அது தெரிந்திருக்கும். அப்போதெல்லாம் நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுக்கு போயிற்றா என்று.

"வேண்டாம். அவளுக்கு இல்லாததை நீங்க வைக்க வேண்டாம்" என்றேன்.

"நான் என்ன வைக்கப் போறேன், நீங்க சொல்றதத்தானே..."

"எனக்குத் தெரியாது. அதனாலதான் வேண்டாம்."

அவர் பிரஷை வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் என் கணவர், யாரும் கேட்காமலே, மர அலமாரியில் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டிருந்தார். "கரண்டாபீஸ்காரன் வந்து கேட்டா, உள்ள மாமியார் குடியிருக்காங்கன்னு சொல்லிருவேன்" என்றார். பழைய படம் இப்போது கண்ணாடியோடு அதற்குள் நிற்கிறது. கதவை ஒரு விரற்கடை திறந்து வைக்கிறோம். நான் துடைப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரச் சட்டத்தின் அடியில், கண்ணாடியில் படாமல், ஒரு புள்ளி குங்குமம் வைக்கிறேன். ஆணியில் புதுப் படம் இருக்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டியிருக்கிறேன், காற்றுப் போக. அது போதுமா என்று தெரியாது. இந்த ஊர்ச் சுவரை நான் இன்னும் நம்பவில்லை.

புதுப் படத்தை மாட்டிய அன்று கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் நின்றாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவளும் அந்த வெள்ளையைத்தான் பார்ப்பாள், அது என்ன என்று கேட்பாள், நான் என்ன சொல்வது என்று தயார் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"அம்மே, ஆச்சி சந்தனம் தொட்டிருக்கு!"

இங்கே பெண்கள் காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய்வந்தால் நெற்றியில் குறுக்காக ஒரு கீற்றுச் சந்தனம் இருக்கும். கோமதியின் டீச்சருக்கு இருக்கும். அவளுடைய சிநேகிதிகளின் அம்மாக்களுக்கு இருக்கும். எனக்கு இல்லை என்று அவள் ஒருமுறை குறைப்பட்டதுகூட உண்டு. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவு நாளாக எனக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது பிரதியைச் சித்தி பேருக்கு அனுப்பப் போகிறேன். இரண்டு பக்கமும் கனத்த அட்டை வைத்து, நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கட்ட வேண்டும். தபாலில் மடக்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் இல்லை. அங்கே அந்தப் பழைய ஆணி இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரித்ததும் சித்தி முதலில் நெற்றியைத்தான் பார்ப்பாள். இது என்னட்டி என்று கேட்பாள். உன் அக்கா கொச்சிக்கு வந்து எட்டு வருஷமாயிற்று சித்தி, இந்த ஊர்ச் சந்தனத்தைத் தொட்டுக்கொள்ளாமல் இருப்பாளா என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.